ஸ்டீயரிங்கில் பேடில் ஷிஃப்டர்: பணம் போட்டுப் பொருத்தலாமா?

(நம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



செயலாளர் எனக்குப் பதினைந்து நிமிடம் கொடுத்திருக்கிறார். கேஷ் கவுண்டரில் உட்கார்ந்து பழகியவன் என்பதால் நேரத்துக்கு முடித்துவிடுவேன். ஆனால் ‘கார் விஷயம் பேச உங்களுக்கு என்ன தகுதி?’ என்று யாராவது கேட்டால் என்னிடம் பதில் இல்லை. நான் படித்தது பி.காம். வேலை பார்த்தது பாங்க்கில், கிளார்க்காக. மெக்கானிக் வேலை ஒன்றும் தெரியாது. ஒரு தப்பு செய்தேன், அதிலிருந்து தப்பித்து வந்தேன். அந்த ஒரு தகுதிதான் இருக்கிறது.

நம் பேஸ்மென்ட் பார்க்கிங்கில் இப்போது பாதிக்கு மேல் எஸ்யூவிதான் நிற்கிறது. அதிலும் ஆட்டோமேட்டிக் வண்டிகள் நிறைய. லிஃப்டில் பார்க்கும்போது இரண்டு மூன்று பேர் என்னிடம் கேட்ட கேள்வி இது: “சார், மேல் மாடலில் ஸ்டீயரிங்குக்குப் பின்னால் பேடில் ஷிஃப்டர் வருகிறது. நம்ம வண்டியில் இல்லை. வெளியே பொருத்தித் தருகிறார்களாம். போடலாமா?” ஆறு மாதத்துக்கு முன் நானும் இதே கேள்வியோடு அலைந்தவன்தான்.

தெரியாதவர்களுக்காக ஒரு நிமிடம். ஸ்டீயரிங் வளையத்துக்குப் பின்னால் இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று என்று இரண்டு சின்னக் காதுகள் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். வலது பக்கம் பிளஸ், அதை இழுத்தால் கியர் ஒன்று ஏறும். இடது பக்கம் மைனஸ், இழுத்தால் ஒன்று இறங்கும். கையை ஸ்டீயரிங்கிலிருந்து எடுக்காமலே கியர் மாற்றலாம் என்பதுதான் இதன் பெருமை.

இது ரேஸ் காரிலிருந்து வந்த சாமான். 1989-ல் ஃபெராரி கம்பெனி தன் ஃபார்முலா ஒன் காரில் இதைக் கொண்டுவந்தது. ஜான் பர்னார்டு என்ற எஞ்சினியரின் வடிவமைப்பு. அந்த ஆண்டு பிரேசிலில் நடந்த முதல் பந்தயத்திலேயே நைஜல் மேன்செல் அதை ஓட்டி ஜெயித்தார். 1997-ல் அது ஃபெராரியின் சாலைக் காருக்கு வந்தது. இன்று நம் ஊரில் குடும்பத்தோடு கோயிலுக்குப் போகிற வண்டியிலும் வந்துவிட்டது.

சரி, என் கதைக்கு வருகிறேன்.

என்னுடையது 2018-ல் வாங்கிய எஸ்யூவி. பெட்ரோல், ஆறு கியர் ஆட்டோமேட்டிக். பேடில் கிடையாது. சென்ற ஆண்டு குடும்பத்தோடு கொல்லிமலை அறப்பளீஸ்வரர் கோயிலுக்குப் போனோம். நான், மனைவி, மகள், ஆறு வயதுப் பேரன். மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்கவில்லை. காரவள்ளி அடிவாரத்திலிருந்து ஏறினால் 70 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொன்றுக்கும் எண் போட்டுப் பலகை வைத்திருப்பார்கள். பேரன் ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே வந்தான். ஏறும்போது ஒரு தொல்லையும் இல்லை. தரிசனம் முடிந்தது, அருவியை மேலிருந்தே பார்த்தோம், மலைவாழைப்பழம் ஒரு தார் வாங்கிப் போட்டுக்கொண்டு இறங்கினோம்.

இறங்கும்போதுதான் என் பாங்க் புத்தி வேலை செய்தது. லீவரை ‘டி’-யில் போட்டேன். பிரேக்கில் கால் வைத்தேன். வைத்த கால் வைத்தபடியே இருந்தது. குறைந்த கியரில் போட்டால் இன்ஜின் கத்தும், கத்தினால் பெட்ரோல் வீணாகும் என்பது என் நினைப்பு. இறக்கத்தில் சும்மா உருளுகிற வண்டிக்கு எதற்குப் பெட்ரோல் செலவு?

பேரன் பின்னோக்கி எண்ணிக்கொண்டு வந்தான். பாதி மலை இறங்கியிருப்போம். “ஏங்க, என்னமோ கருகுற வாசனை வருதே” என்றாள் மனைவி. “வெளியே யாரோ குப்பை எரிக்கிறாங்க” என்றேன். அடுத்த வளைவில் பிரேக்கை மிதித்தபோது பெடல் வழக்கத்தைவிடக் கீழே போனது. அதற்கடுத்த வளைவில் இன்னும் கீழே போனது. எதிரே ஒரு மினி பஸ் ஏறி வந்துகொண்டிருந்தது. வண்டி நின்றது, ஆனால் நான் நினைத்த இடத்தில் நிற்கவில்லை. ஒரு முழம் தள்ளி நின்றது. அந்த ஒரு முழத்தை இன்றுவரை நான் வீட்டில் யாரிடமும் சொன்னதில்லை. இங்கேதான் முதலில் சொல்கிறேன். முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிற என் மனைவி மன்னிக்க வேண்டும்.

சற்று அகலமான இடம் பார்த்து ஓரம் கட்டினேன். முன் சக்கரத்திலிருந்து லேசாகப் புகை. பின்னால் வாழைத்தார் ஏற்றி வந்த ஒரு சரக்கு வண்டி நின்றது. டிரைவர் தம்பி இறங்கி வந்து முகர்ந்து பார்த்தார். “சார், பிரேக்கை மிதிச்சுக்கிட்டேவா வந்தீங்க? தண்ணி எதுவும் ஊத்திடாதீங்க, டிஸ்க் வெடிச்சுடும். முக்கால் மணி நேரம் ஆறட்டும். அப்புறம் ரெண்டாம் கியரிலே விட்டு எறங்குங்க. ஏறின கியரிலேயே எறங்கணும் சார்” என்றார். “இது ஆட்டோமேட்டிக், கியர் கிடையாதே” என்றேன். அவர் கதவு வழியாக எட்டிப் பார்த்து, “அதோ பக்கத்துல பிளஸ், மைனஸ் போட்டிருக்கே சார்” என்றார்.

வண்டி வாங்கி ஏழு வருடம். அந்தப் பிளஸ், மைனஸை நான் ஒரு தடவை கூடத் தொட்டதில்லை.

ஆறிய பிறகு லீவரைப் பக்கத்தில் தள்ளினேன். மீட்டரில் ‘எம்’ என்று வந்தது. மைனஸைத் தட்டித் தட்டி இரண்டுக்குக் கொண்டுவந்தேன். மீதி வளைவுகளை, பிரேக்கை அவ்வப்போது மட்டும் தொட்டு, நிதானமாக இறங்கினோம். இன்ஜின் கத்தத்தான் செய்தது. அந்தச் சத்தம் அன்றைக்கு எனக்கு நாதஸ்வரம் மாதிரி இருந்தது.

சென்னை வந்ததும் மாப்பிள்ளையிடம் பாதியை மறைத்துச் சொன்னேன். “மாமா, பேடில் ஷிஃப்டர் போட்டுடுங்க. மலைக்கு அதுதான் சேஃப்” என்றார். பயந்திருந்தவன் ஆயிற்றே, உடனே விசாரிக்கக் கிளம்பிவிட்டேன்.

விசாரித்ததில் மூன்று வகை இருப்பது தெரிந்தது. ஒன்று, ஒட்டுகிற பிளாஸ்டிக் அல்லது அலுமினியத் தகடு. இது ஏற்கெனவே பேடில் உள்ள வண்டியில் அதன் மேல் ஒட்டி நீளமாக்குவதற்கு மட்டும்தான். பேடில் இல்லாத வண்டியில் ஒட்டினால் அது வெறும் காது. சிலர் இதை வாங்கி ஏமாந்திருக்கிறார்கள். இரண்டாவது, மேல் மாடலின் ஸ்டீயரிங்கையே வாங்கி மாட்டி, ஒயர் இழுத்து, கியர்பாக்ஸைக் கட்டுப்படுத்துகிற கம்ப்யூட்டரோடு சேர்ப்பது. அந்தக் கம்ப்யூட்டர் பேடிலை ஏற்கும்படி இருந்தால்தான் இது நடக்கும். மூன்றாவது, லீவரில் உள்ள பிளஸ், மைனஸ் ஒயரிலிருந்து கிளை எடுத்து ஸ்டீயரிங்குக்குக் கொண்டுவரும் கிட். இதில் ஒயர் இல்லாமல் சிக்னலில் இயங்குவதும் உண்டு.

எனக்கு இரண்டாவது வகைக்கு ஒரு கடையில் கூலியோடு 18,000 ரூபாய் சொன்னார்கள். ஸ்டீயரிங் நடுவில்தான் டிரைவர் ஏர்பேக் இருக்கிறது. அதைக் கழற்றாமல் இந்த வேலை நடக்காது. பேட்டரியைத் துண்டித்து, மின்சாரம் முழுக்க வடியச் சில நிமிடம் காத்திருந்து, அப்புறம்தான் ஏர்பேக்கில் கை வைக்க வேண்டும். அதற்கடியில் ‘கிளாக் ஸ்பிரிங்’ என்று ஒரு சுருள் ஒயர் இருக்கிறது. ஸ்டீயரிங் சுற்றினாலும் ஏர்பேக்குக்கும் ஹாரனுக்கும் இணைப்பு அறுந்துபோகாமல் காப்பது அதுதான். அதைத் தப்பான நிலையில் மாட்டினால் ஒருநாள் அறுந்துவிடும். கடைப் பையனிடம் கேட்டேன்: “தம்பி, வேலை முடிந்த பிறகு ஏர்பேக் சரியாக வேலை செய்யும் என்று எழுதிக் கொடுப்பீர்களா?” “அதெல்லாம் ஒண்ணும் ஆகாது சார்” என்றார். வாயால் சொன்னதை வைத்து நாங்கள் ஒரு டிடி கூடக் கொடுத்ததில்லை. வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

வந்து கணக்குப் போட்டேன். வண்டியை இன்னும் ஐந்து வருடம் ஓட்டுவேன் என்று வைத்துக்கொள்வோம். 18,000-ஐ ஐந்தால் வகுத்தால் ஆண்டுக்கு 3,600. கம்பெனியில் பொருத்தி வராத மின்சாதனங்களுக்கு, அவற்றின் மதிப்பில் 4 சதவீதம் கூடுதல் பிரீமியம் கட்டி இன்ஷூரன்ஸில் சேர்க்க வேண்டும் என்பது நம் பழைய மோட்டார் இன்ஷூரன்ஸ் கட்டண விதியாக இருந்தது. அது முதல் ஆண்டுக்கு 720. மொத்தம் 4,320. நான் மலைக்குப் போவது ஆண்டுக்கு இரண்டு தடவை. ஏற ஒரு நாள், இறங்க ஒரு நாள், ஆக நான்கு நாள். ஒரு நாளைக்கு 1,080 ரூபாய். விற்கும்போது இதற்காக யாரும் பத்து பைசா கூட்டித் தரப்போவதில்லை. சொல்லாமல் பொருத்தினால், பின்னால் கிளெய்ம் என்று வரும்போது கேள்வி வரும். வாரண்டியில் இருக்கிற வண்டியில் ஒயரை வெட்டினால், அந்தப் பகுதிக்கான வாரண்டி போகவும் வாய்ப்பிருக்கிறது.

மீதி 361 நாள் நகரத்துக்குள் என்ன பயன்? வேளச்சேரி நூறடி சாலையில் மாலை ஆறு மணிக்கு எந்தக் கியரை மாற்றி எங்கே போகப்போகிறோம்? நெடுஞ்சாலையில் லாரியை முந்த வேண்டுமென்றால் ஆக்ஸிலேட்டரை அழுத்தி மிதித்தால் வண்டி தானே கியரைக் குறைத்துக்கொள்கிறது.

பணத்தை விடுங்கள், உயிர் பெரிது என்பீர்கள். அதைத்தான் நானும் நினைத்தேன். ஆனால் மலையில் வேலை செய்வது எது என்று பார்க்க வேண்டும்.

நம் பிளாக்கில் உள்ள ஒரு பிளஸ் டூ பையன் எனக்கு ஒரு கணக்குப் போட்டுக் காட்டினான். ஆட்களோடு 1,500 கிலோ எடையுள்ள வண்டி 1,000 மீட்டர் உயரத்திலிருந்து கீழே வருகிறது. அந்த இறக்கத்தில் வெளிவரும் சக்தி ஏறத்தாழ நான்கு யூனிட் மின்சாரத்துக்குச் சமம். அதாவது 1,000 வாட் ஹீட்டரை நான்கு மணி நேரம் ஓடவிட்ட சூடு. வண்டி வேகம் எடுக்காமல் கீழே வர வேண்டுமானால் அந்தச் சக்தி எங்காவது போயாக வேண்டும். காற்றும் டயரும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். மீதியை இன்ஜின் தாங்க வேண்டும், இல்லையென்றால் பிரேக் தாங்க வேண்டும். நான் மொத்தத்தையும் பிரேக் தலையில் கட்டினேன்.

பிரேக் சூடானால் இரண்டு கெடுதல். பேடு பிடிமானம் இழக்கும். பிரேக் ஆயில் கொதித்தால் அதில் குமிழி உண்டாகும், பெடல் பஞ்சு மாதிரி அமுங்கும். அந்த ஆயில் காற்றிலிருக்கிற ஈரத்தை உறிஞ்சக்கூடியது. ‘டாட் 4’ வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி தாங்க வேண்டும் என்பது தர விதி. ஈரம் ஏறிய நிலைக்கு அந்த விதியே 155 டிகிரிதான் சொல்கிறது. பொதுவாக இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள். நான் ரிட்டையர் ஆன பிறகு சிக்கனம் பார்த்து மாற்றவே இல்லை. மலையில் அந்தப் பெடல் கீழே போனதற்கு என் கஞ்சத்தனமும் காரணம்.

பெட்ரோல் பற்றிய என் நினைப்பும் தப்பு. இன்றைய வண்டிகளில், கியரில் இருக்கும்போது ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால், சக்கரம்தான் இன்ஜினைச் சுற்றுகிறது. கம்ப்யூட்டர் பெட்ரோலை நிறுத்திவிடுகிறது. இன்ஜின் கத்துவது செலவுச் சத்தமல்ல. நியூட்ரலில் உருட்டினால்தான் இன்ஜின் அணையாமலிருக்கப் பெட்ரோல் குடித்துக்கொண்டிருக்கும். ஆக, நான் மிச்சம் பிடிப்பதாக நினைத்துச் செய்த காரியத்தில் ஒரு ரூபாய் கூட மிச்சமில்லை.

இப்போது பேடிலுக்கு வருவோம். பேடில் ஒரு சுவிட்ச். லீவரில் உள்ள பிளஸ், மைனஸும் அதே சுவிட்ச். இரண்டும் ஒரே கம்ப்யூட்டருக்கு ஒரே செய்தியைத்தான் சொல்கின்றன. கையை எடுக்காமல் மாற்றலாம் என்ற ஒன்றுதான் வித்தியாசம். அந்த வசதி கொண்டை ஊசி வளைவில் கிடைக்குமா? ரேஸ் காரில் ஸ்டீயரிங்கைக் கொஞ்சம் திருப்பினால் போதும், கை இடம் மாறாது. நம் வண்டியில் கொண்டை ஊசிக்கு ஒரு சுற்றுக்கு மேல் சுற்றுகிறோம். பேடில் ஸ்டீயரிங்கோடு சேர்ந்து சுற்றும். வளைவின் நடுவில் மைனஸ் எங்கே, பிளஸ் எங்கே? மைனஸ் என்று நினைத்துப் பிளஸை இழுத்தால் என்ன ஆகும்? அதனால் கியரை வளைவுக்கு முன்பே, நேர்ச் சாலையில் குறைத்துக்கொள்வதுதான் முறை. அந்த நேரத்தில் ஒரு விநாடி இடது கையை லீவருக்குக் கொண்டுபோவதில் என்ன கஷ்டம்?

பேடிலே தண்டம் என்று நான் சொல்லவில்லை. நீங்கள் எப்படியும் வாங்கப்போகிற மாடலில் கம்பெனியே கொடுத்தால் சந்தோஷமாக வாங்குங்கள். சில வண்டிகளில் லீவரில் பிளஸ், மைனஸ் இருக்காது, பேடில் மட்டும்தான் இருக்கும். அங்கே அது அவசியம், பழகிக்கொள்ளத்தான் வேண்டும். தோள்பட்டை இறுகிப்போய் கையை நீட்டக் கஷ்டப்படுகிறவர்களுக்கும் உதவி. ஆனால் பேடிலுக்காக மட்டும் மேல் மாடலுக்குத் தாவுவதும், ஏர்பேக்கைக் கழற்றி வெளியே பொருத்துவதும் என் கணக்கில் ஏறவில்லை. நான் போடவில்லை. அந்தப் பணத்தில் ஆயிரத்துச் சொச்சம் எடுத்துப் பிரேக் ஆயிலை மாற்றினேன், பேடுகளைச் சோதித்தேன். மீதி டெபாசிட்டில் இருக்கிறது.

மே மாதம் பிள்ளைகளுக்கு லீவு. ஏற்காடு, ஊட்டி, வால்பாறை என்று கிளம்புவீர்கள். போகும் முன் சில விஷயங்களை மனதில் வையுங்கள்.

முதலாவது, உங்கள் வண்டியில் கியரைக் குறைக்க என்ன வழி இருக்கிறது என்று வண்டிப் புத்தகத்தில் பாருங்கள். ‘எம்’, ‘எல்’, ‘எஸ்’, ‘பி’ என்று வண்டிக்கு வண்டி மாறும். ‘பி’ என்பதில் மட்டும் ஜாக்கிரதை. நிறுத்துவதற்கான பார்க்கிங் ‘பி’ வேறு, சில ஹைபிரிட் வண்டிகளில் இறக்கத்துக்கு இருக்கும் ‘பி’ வேறு. ஆங்கில எழுத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, இறக்கம் தொடங்கும் முன்பே கியரைக் குறையுங்கள். வேகம் எடுத்த பிறகு குறைக்க முயன்றால், இன்ஜின் கெட்டுவிடும் என்று கம்ப்யூட்டர் மறுத்துவிடும். அவசரத்தில் அது ஏன் கேட்கவில்லை என்று நாம் தவிப்போம்.

மூன்றாவது, பேடில் உள்ளவர்கள் ‘டி’-யில் வைத்துக்கொண்டே பேடிலை இழுத்தால், பல வண்டிகள் சிறிது நேரத்தில் தானாகவே பழைய நிலைக்குத் திரும்பிவிடும். நீண்ட இறக்கத்தில், ‘எம்’ இருந்தால் லீவரை அதில் போட்டுவிடுவது நல்லது.

நான்காவது, பிரேக்கில் காலை ஊற வைக்காதீர்கள். அழுத்தி மிதித்து, வேகம் குறைந்ததும் முழுதாக விடுங்கள். நியூட்ரல் வேண்டாம். இன்ஜினை அணைப்பது வேண்டவே வேண்டாம், ஸ்டீயரிங்கும் பிரேக்கும் கல்லாகிவிடும். ஏறி வருகிற வண்டிக்கு வழி விடுங்கள், அது மரியாதை மட்டுமல்ல, விதியும்கூட.

ஐந்தாவது, எலெக்ட்ரிக் வண்டி வைத்திருப்பவர்களுக்கு. சில எலெக்ட்ரிக் கார்களில் உள்ள பேடில் கியருக்கானது அல்ல. காலை எடுத்ததும் மோட்டார் எவ்வளவு இழுத்துப் பிடித்துப் பேட்டரிக்குக் கரண்ட் அனுப்ப வேண்டும் என்பதற்கானது. அங்கே பேடில் நிஜமாகவே பயன்தரும். ஆனால் மலை மேல் நூறு சதவீதம் சார்ஜ் ஏற்றிக்கொண்டு இறங்காதீர்கள். நிரம்பிய குடத்தில் தண்ணீர் ஊற்ற முடியாது. அந்தப் பிடிமானம் ஆரம்பத்தில் சரியாகக் கிடைக்காது.

கடைசியாக ஒன்று. வருகிற ஞாயிறு காலை ஏழு மணிக்கு விசிட்டர் பார்க்கிங்கில் நான் இருப்பேன். ஆட்டோமேட்டிக் வண்டி வைத்திருப்பவர்கள் வண்டிப் புத்தகத்தோடு வாருங்கள். நம் பேஸ்மென்ட் சரிவில் ஆளுக்கு ஒரு தடவை குறைந்த கியரில் இறங்கிப் பார்ப்போம். ஏழு வருடம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்த பிளஸ், மைனஸை ஒரு வாழைத்தார் வண்டித் தம்பி காட்டும்வரை நான் பார்க்கவில்லை. அவர் பெயரைக் கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை. அவருக்குப் பட்ட கடனை உங்களிடம்தான் தீர்க்க முடியும்.